134/86: சற்றே கூடிய ரத்த அழுத்தமும் சிறுநீரகமும்

செக்கப் ரிப்போர்ட்டில் பி.பி. 134/86 என்று இருக்கிறது. “பார்டர்லைன்தான், உப்பைக் குறைச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு டாக்டர் சர்க்கரை அளவைப் பார்க்கப் போய்விடுகிறார். நாற்பதைத் தாண்டிய பலருக்கு இது பழகிப்போன காட்சி. இதே ஆள் அமெரிக்காவில் இருந்தால் அவருடைய கோப்பில் ‘உயர் ரத்த அழுத்தம், முதல் நிலை’ என்று எழுதியிருப்பார்கள். அங்கே 2017இல் எல்லைக்கோட்டை 140/90இலிருந்து 130/80க்கு இறக்கினார்கள். அதனால் வயதுவந்தோரில் ‘பிரஷர்காரர்கள்’ ஒரே நாளில் 32 சதவீதத்திலிருந்து 46 சதவீதமாகிவிட்டார்கள். ஐரோப்பிய இதயவியல் கழகம் 2024இல் வேறு மாதிரி பிரித்தது. மேல் எண் 120 முதல் 139 வரை இருந்தால் அது நோயும் இல்லை, இயல்பும் இல்லை, ‘கூடிய அழுத்தம்’ என்று தனி வகை. இந்தியாவில் இன்னும் 140/90தான் நடைமுறை.

கோட்டை எங்கே போடுவது என்று மருத்துவச் சங்கங்கள் விவாதித்துக்கொள்ளட்டும். சிறுநீரகத்துக்கு அந்தக் கோடு தெரியாது. இந்த இரண்டுங்கெட்டான் அழுத்தம் சிறுநீரகத்தை என்ன செய்கிறது? ஏதாவது செய்கிறதா? பதில் இணையத்தில் உலவும் எச்சரிக்கைகளைவிடக் கொஞ்சம் சிக்கலானது.

முதலில் பயமுறுத்தும் பக்கத்தைப் பார்த்துவிடலாம். 1973 முதல் 1975 வரை அமெரிக்காவில் எம்ஆர்ஃபிட் என்ற இதயநோய்த் தடுப்பு ஆய்வுக்கு ஆள் எடுக்கும்போது 3,32,544 ஆண்களுக்கு பி.பி. பார்த்தார்கள். அவர்களில் யாருக்கெல்லாம் பிற்காலத்தில் சிறுநீரகம் முழுதாகச் செயலிழந்தது என்று சுமார் 16 ஆண்டுகள் தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். முடிவு 1996இல் வந்தது. 120/80க்குக் கீழே இருந்தவர்களோடு ஒப்பிட்டால், 130–139/85–89 இருந்தவர்களுக்கு அந்த ஆபத்து 1.9 மடங்கு. அதற்கு அடுத்த கட்டத்தில் 3.1 மடங்கு. 210/120ஐத் தாண்டியவர்களுக்கு 22 மடங்கு. கலிபோர்னியாவின் கைசர் பெர்மனென்டே மருத்துவ அமைப்பில் 3,16,675 பேரை வைத்துச் செய்து 2005இல் வெளியான ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. 120–129/80–84 இருந்தவர்களுக்கே 1.6 மடங்கு, 130–139/85–89 என்றால் 2 மடங்கு. இந்த இரண்டாவது ஆய்வு முக்கியமானது. ஏனென்றால் அதில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களுக்குத் தொடக்கத்தில் வடிகட்டும் திறன் நன்றாக இருந்தது, சிறுநீரைக் குச்சியால் சோதித்ததில் புரதமோ ரத்தமோ தென்படவில்லை.

‘இரண்டு மடங்கு’ என்ற சொல்லோடு பெரும்பாலான செய்திகள் நின்றுவிடும். எதற்கு இரண்டு மடங்கு என்று கேட்க வேண்டும். எம்ஆர்ஃபிட்டின் மூன்றேகால் லட்சம் பேரில் 16 ஆண்டுகளில் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் 814 பேர். ஆயிரத்துக்கு இரண்டு அல்லது மூன்று பேர். கைசர் ஆய்வில் 1,149 பேர், அதாவது ஆயிரத்துக்கு நான்கு பேர்கூட இல்லை. 134/86 உள்ள, வேறு கோளாறு இல்லாத ஒருவர் டயாலிசிஸ் வரை போகும் வாய்ப்பு மிகச் சிறியது, அது இரட்டித்தாலும் சிறியதுதான். ஆனால் ஒரு தேசத்தின் கணக்கில் இது சின்ன விஷயம் இல்லை. 180க்கு மேல் இருப்பவர்கள் கொஞ்சம் பேர், 130களில் இருப்பவர்கள் கோடிக்கணக்கில். சிறிய ஆபத்தைக் கோடிப் பேரால் பெருக்கினால் வரும் கூட்டம் பெரியது.

இதற்கு அடியில் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. அழுத்தம் சிறுநீரகத்தைக் கெடுக்கிறதா, கெட்டுக்கொண்டிருக்கும் சிறுநீரகம் அழுத்தத்தை ஏற்றுகிறதா?

லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர் 1827இல் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போவதையும் உடல் வீங்குவதையும் கெட்டுப்போன சிறுநீரகத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டார். சுருங்கிய சிறுநீரகம் இருந்தவர்களின் இதயம் பெருத்திருப்பதை 1836இல் எழுதினார். அப்போது பி.பி. பார்க்கும் கருவியே கிடையாது. அதனால் சிறுநீரகம்தான் முதல் குற்றவாளி என்று தோன்றியதில் வியப்பில்லை. அதே மருத்துவமனையில் 1870களில் ஃபிரெடரிக் அக்பர் முகமது என்ற இளம் மருத்துவர் நாடித்துடிப்பைக் காகிதத்தில் வரையும் கருவி ஒன்றைச் சீர்திருத்திப் பயன்படுத்தினார். ஆல்புமின் போக ஆரம்பிப்பதற்கு முன்பே சிலருக்கு நாடியில் அழுத்தம் ஏறியிருப்பதைக் கண்டார். கெட்ட சிறுநீரகம் இல்லாமலே அழுத்தம் மட்டும் கூடியிருப்பவர்கள் உண்டு என்று முதலில் தெளிவாகச் சொன்னவர்களில் அவர் ஒருவர். பாட்னாவில் பிறந்து, 1810இல் லண்டனில் இந்திய உணவகம் திறந்து, அப்புறம் பிரைட்டன் கடற்கரையில் நீராவிக் குளியல் நடத்திப் புகழ்பெற்ற தீன் முகமதுவின் பேரன் இவர். 1884இல் டைஃபாய்டில் இறந்தபோது வயது 35. அவர் பெயர் வெகுகாலம் மறக்கப்பட்டுக் கிடந்தது.

இரண்டு பேர் சொன்னதும் சரி. அது எப்படி என்று புரிய, சிறுநீரகத்துக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்க வேண்டும்.

இதயம் நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது என்றால் அதில் ஒரு லிட்டருக்கு மேல் இரண்டு சிறுநீரகங்களுக்கு மட்டும் போகிறது. ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள், அதாவது சிறுநீரை உருவாக்கும் நுண் அலகுகள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரு நுண்குழாய் முடிச்சு, அதுதான் வடிகட்டி. வடிகட்டுவதற்கு அழுத்தம் தேவை. ஆகவே இந்த முடிச்சுக்குள் இருக்கும் அழுத்தம் உடம்பின் மற்ற நுண்குழாய்களில் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்கு மேல் போனால் மெல்லிய சுவர் தாங்காது. அதனால் முடிச்சுக்கு ரத்தம் வரும் குட்டித் தமனி, ஏரி மதகு மாதிரி வேலை செய்கிறது. வெளியே அழுத்தம் ஏறும்போது அது தானாகவே சுருங்கி, உள்ளே போவதை மட்டுப்படுத்துகிறது. மதகு ஒழுங்காக இருக்கும்வரை கையில் 125 காட்டினாலும் 145 காட்டினாலும் முடிச்சுக்குள் பெரிய வித்தியாசம் இருக்காது.

ஆரோக்கியமான சிறுநீரகத்தைச் சற்றே கூடிய அழுத்தம் எளிதில் சேதப்படுத்தாததற்குக் காரணம் இந்த மதகு. அது பழுதாகும் இடங்களில்தான் சிக்கல். சர்க்கரை நோயில் அந்தக் குட்டித் தமனி விரிந்தே கிடக்கிறது. வெளியே ஏறும் அழுத்தம் அப்படியே உள்ளே இறங்குகிறது. ஏற்கெனவே பாதி நெஃப்ரான்கள் போய்விட்டால் மிச்சமுள்ளவை இரண்டு பங்கு வேலை செய்ய விரிந்துகொடுக்கின்றன. அங்கேயும் இதே கதை. இப்படிப்பட்டவர்களுக்கு 134 என்பது ‘சற்றே கூடிய’ எண் அல்ல. சர்க்கரை இல்லாதவருக்கும் பதினைந்து ஆண்டு சர்க்கரை உள்ளவருக்கும் ஒரே “பார்டர்லைன்” என்ற பதிலைச் சொல்வது சரியில்லை என்று நான் நினைப்பதும் இதனால்தான்.

இப்போது மறுதிசை. 1934இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹாரி கோல்ட்பிளாட் நாய்களின் சிறுநீரகத் தமனியை இடுக்கியால் நெருக்கினார், பி.பி. ஏறி நின்றது. சிறுநீரகம் அழுத்தத்தை ஏற்ற வல்லது என்பதற்கு அது நேரடிச் சான்று. உப்பையும் நீரையும் எவ்வளவு வெளியேற்றுவது என்று முடிவு செய்யும் உறுப்பு அது. வெளியேற்றுவதில் பிந்தினால் அழுத்தத்தைக் கூட்டித்தான் கணக்கை நேர் செய்ய முடியும். 1983இல் வெளியான ஓர் ஆய்வு சிறியது, ஆனால் மறக்க முடியாதது. நீண்டகால உயர் அழுத்தத்தால் சிறுநீரகம் செயலிழந்த ஆறு பேருக்கு, பி.பி. இயல்பாக இருந்தவர்களின் சிறுநீரகத்தைப் பொருத்தினார்கள். ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் ஆறு பேரின் அழுத்தமும் மருந்தில்லாமல் இயல்பாக இருந்தது. சிறுநீரகத்தை மாற்றியதும் அவர்களுடைய பி.பி. நோயும் போய்விட்டது.

2003இல் ஜெர்மனியில் ஓர் ஆராய்ச்சிக் குழு விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகங்களை எடுத்து நெஃப்ரான் முடிச்சுகளை எண்ணியது. பி.பி. இருந்த பத்துப் பேர், அதே வயதும் உடலமைப்பும் கொண்ட, பி.பி. இல்லாத பத்துப் பேர். பி.பி. இல்லாதவர்களுக்கு ஒரு சிறுநீரகத்தில் நடு அளவாக 14 லட்சம் முடிச்சுகள், பி.பி. இருந்தவர்களுக்கு 7 லட்சம். அழுத்தத்தால் அழிந்ததற்கான தழும்புகளும் அதிகம் இல்லை. குறைந்த முடிச்சுகள் அழுத்தத்தால் அழிந்துபோனவை என்று சொல்வது கடினம், பிறக்கும்போதே குறைவாக இருந்திருக்க வேண்டும் என்பதே பொருத்தமான விளக்கம். நெஃப்ரான்கள் கருப்பையிலேயே உருவாகி முடிந்துவிடுகின்றன, பிறகு புதிதாக முளைப்பதில்லை. இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தைக்கு அவை பெரும்பாலும் குறைவு. எடை குறைந்த குழந்தைகள் அதிகம் பிறக்கும் நம் நாட்டுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. முப்பது வயதில் 130களில் நிற்கும் பி.பி.யும் அறுபது வயதில் வரும் சிறுநீரக நோயும் சிலருக்கு ஒரே வேரின் இரண்டு கிளைகளாக இருக்கலாம், ஒன்று மற்றொன்றைப் பெற்றெடுத்ததாக இல்லாமல்.

சரி, அழுத்தத்தை இறக்கினால் சிறுநீரகம் பிழைக்கிறதா? காரணம் எது என்று தீர்மானிக்க இதைவிட நல்ல கேள்வி இல்லை. பதில் கொஞ்சம் ஏமாற்றம் தரும். ஏற்கெனவே சிறுநீரகம் பழுதடைந்தவர்களிடம் பி.பி.யை வழக்கத்தைவிடக் கீழே இறக்கிப் பார்த்த இரண்டு பெரிய அமெரிக்க ஆய்வுகளின் முடிவு 1994இலும் 2002இலும் வந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பழுதின் வேகம் குறையவில்லை. முதல் ஆய்வில் சிறுநீரில் புரதம் நிறையப் போனவர்களுக்கு மட்டும் பலன் தெரிந்தது. இரண்டாவது ஆய்வு ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் நடந்தது. அவர்களுடைய நோய்க்கு ‘பிரஷரால் வந்த சிறுநீரகக் கோளாறு’ என்று பெயர் எழுதியிருந்தார்கள். 2010இல் ஏபிஓஎல்1 என்ற மரபணுவின் சில வடிவங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் காணப்படும் இவை சிறுநீரகத்தை நேரடியாகப் பாதிப்பவை. பிரஷர் மேல் போட்ட பழியில் ஒரு பெரும்பங்கு இந்த மரபணுவுடையது என்று பின்னால் தெரிந்தது.

2015இல் வெளியான ஸ்பிரின்ட் ஆய்வில் 9,361 பேர். மேல் எண்ணை 140க்குக் கீழே வைப்பதைவிட 120க்குக் கீழே வைத்தால் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்றவை மொத்தமாகக் கால்பங்கு குறைந்தன, இறப்பும் குறைந்தது. சர்க்கரை நோயாளிகளை அதில் சேர்க்கவில்லை. இதயத்துக்கு நல்ல சேதி, சிறுநீரகத்துக்கோ இல்லை. முன்பு சிறுநீரக நோய் இல்லாதவர்களில் வடிகட்டும் திறன் கணிசமாக இறங்கியவர்கள், 140ஐ இலக்காக வைத்த வழக்கமான சிகிச்சையில் 1.1 சதவீதம், 120ஐ இலக்காக வைத்த சிகிச்சையில் 3.8 சதவீதம். இந்த இறக்கத்தில் பெரும்பகுதி, அழுத்தம் குறைந்ததால் வடிகட்டுவது குறைந்தது என்பதுதான், சேதம் அல்ல என்று பின்னர் விளக்கினார்கள். அந்த விளக்கம் நம்பத்தகுந்தது. இருந்தாலும் ‘பி.பி.யை 120க்குக் கீழே இறக்கினால் கிட்னி தப்பிக்கும்’ என்று சொல்ல இந்த ஆய்வு இடம் கொடுக்கவில்லை. சர்வதேசச் சிறுநீரக வழிகாட்டும் அமைப்பான கேடிகோ, 2021இல் சிறுநீரக நோயாளிகளுக்கு மேல் எண் 120க்குக் கீழ் என்று பரிந்துரைத்ததும் முக்கியமாக இதயத்தைக் காக்கத்தான். நார்வேயின் ட்ரம்சோ நகரில் நடுவயதினர் சுமார் 1,600 பேரிடம், ரத்தத்தில் மருந்து செலுத்தி வடிகட்டும் திறனை நேரடியாக அளந்து சில ஆண்டுகள் தொடர்ந்தார்கள். அங்கேயும் பி.பி. கூடியவர்களின் திறன் மற்றவர்களைவிட வேகமாகக் குறையவில்லை.

இதையெல்லாம் சேர்த்து வைத்து நான் வந்திருக்கும் முடிவு இது. சற்றே கூடிய பி.பி. சிறுநீரகத்துக்கு ஒரு வில்லன் என்பதைவிட ஒரு துப்பு. அந்த எண்ணை மட்டும் வைத்து மாத்திரை ஆரம்பிக்கவும் தேவையில்லை, “பார்டர்லைன்” என்று விட்டுவிடவும் கூடாது. அந்த எண்ணைப் பார்த்ததும் சிறுநீரகத்தைச் சோதித்துவிட வேண்டும். நம் செக்கப் பேக்கேஜ்களில் விட்டுப்போவது இதுதான்.

இரண்டு சோதனைகள் போதும். ஒன்று சிறுநீரில் ஆல்புமினுக்கும், தசையிலிருந்து வரும் கழிவான கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம். ஒருமுறை கொடுக்கும் சிறுநீரே போதும், செலவு சில நூறு ரூபாய். கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். வழக்கமான குச்சிச் சோதனை இதைவிடப் பல மடங்கு அதிகமாகப் போனால்தான் நிறம் மாறும், ஆகவே அதில் ‘நில்’ (எதுவும் இல்லை) என்று வந்ததால் எல்லாம் நலம் என்று இருந்துவிட முடியாது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி இருந்தால் தற்காலிகமாகக் கூடும். மூன்று மாதம் விட்டு மறுபடி பார்த்தும் கூடியே இருந்தால்தான் நோய் என்று சொல்வார்கள்.

இன்னொன்று ரத்தத்தில் கிரியாட்டினின். அதில் ஒரு பொறி இருக்கிறது. லேப் ரிப்போர்ட்டில் 1.2 வரை இயல்பு என்று போட்டிருப்பார்கள். 25 வயது ஆணுக்கு 1.1 இருந்தால் வடிகட்டும் திறன் நிமிடத்துக்குச் சுமார் 95 மில்லிலிட்டர். அதே 1.1 அறுபது வயதுப் பெண்ணுக்கு இருந்தால் கணக்கு 57 என்று வரும். அறுபதுக்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். இரண்டு ரிப்போர்ட்டிலும் இயல்பை மீறியதைக் காட்டும் நட்சத்திரக் குறி இருக்காது. எனவே கிரியாட்டினினோடு இந்த வடிகட்டும் திறனைச் சொல்லும் இ-ஜிஎஃப்ஆர் என்ற கணக்கையும் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கர்ப்பகாலத்தில் பிரஷர் ஏறி, ‘யூரின்ல உப்பு போகுது’ (உண்மையில் போவது புரதம்) என்று சொல்லப்பட்ட பெண்கள் பிரசவத்தோடு அதை மறந்துவிடுவதுதான் வழக்கம். பிற்காலச் சிறுநீரக நோய் அவர்களுக்குக் கூடுதலாக வருகிறது. நாற்பதில் 132 என்று வந்தால் அந்தப் பழைய கதையை டாக்டரிடம் சொல்ல வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள், வீட்டில் யாருக்காவது டயாலிசிஸ் நடந்தவர்கள், எடை குறைந்து பிறந்தவர்கள் ஆகியோரும் இந்த வரிசையில்தான்.

சோதனை என்றதும் பெரிய மருத்துவமனை என்று நினைக்க வேண்டியதில்லை. சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் சென்னைக்கு வெளியே உள்ள கிராமங்களில் இதைச் செய்து காட்டினார். அந்தந்த ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போய் பி.பி. பார்த்து, சிறுநீரில் ஒரு சொட்டு ரசாயனம் விட்டுப் புரதம் இருக்கிறதா என்று சோதிக்க வைத்தார். தேவைப்பட்டவர்களுக்கு ரெசர்பின், ஹைட்ராலசின் போன்ற, அப்போதே பழசாகிவிட்ட மிக மலிவான மாத்திரைகள். மேல்நாட்டு வழிகாட்டி நூல்கள் இந்த மருந்துகளை மூலையில் போட்டுவிட்டன. கிராமத்தில் அவை வேலை செய்தன. டயாலிசிஸுக்குப் பணமில்லாத ஊரில் தடுப்பது ஒன்றுதான் சிகிச்சை என்பது அவருடைய கட்சி.

பி.பி. இயல்பாக இருந்தால் சிறுநீரகமும் இயல்பு என்று திருப்பிப் போட்டுப் படிக்கவும் கூடாது. இலங்கையின் அனுராதபுரம், பொலனறுவைப் பகுதி விவசாயிகளிடம் 1990களிலிருந்து காணப்படும், காரணம் தெளிவாகாத சிறுநீரக நோயில் பி.பி. வெகுநாள் ஏறுவதில்லை, ஆல்புமினும் அதிகம் போவதில்லை. அங்கே கிரியாட்டினின்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

உப்பைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், ஆகவே சுருக்கமாக. நாளுக்கு ஐந்து கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் சேர்ந்தால் நாம் அதைத் தாண்டிவிடுகிறோம். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், அதற்கு மாறுவதால் பி.பி.க்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. பொட்டாசியம் கலந்த ‘லோ சோடியம்’ உப்பு வேறு விஷயம். சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில் அது பக்கவாதத்தைக் குறைத்தது. ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே குழம்பலாம், அவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. மூட்டுவலிக்கு மெடிக்கலில் தாமாகவே வாங்கிப் போடும் டைக்லோஃபெனாக், இபுப்ரோஃபென் மாத்திரைகள் பி.பி.யையும் ஏற்றும், சிறுநீரகத்துக்கு வரும் ரத்தத்தையும் குறைக்கும். என் கணிப்பில், 134இல் இருப்பவர் முதலில் விட வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான்.

கடைசியாக மாத்திரை பயம். ‘பி.பி. மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும்’ என்பது நம் ஊரில் பலமாக வேரூன்றிய நம்பிக்கை. அதற்குக் காரணமாகக் காட்டப்படுவது பெரும்பாலும் ஒரு ரிப்போர்ட். ஆல்புமின் போகிறவர்களுக்கு டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில் போன்றவற்றைத் தருவார்கள். இவை வடிகட்டி முடிச்சிலிருந்து ரத்தம் வெளியேறும் பக்கத்துத் தமனியை விரித்து, உள்ளே இருக்கும் அழுத்தத்தை இறக்குகின்றன. அழுத்தம் இறங்கியதும் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும். 30 சதவீதம் வரை ஏறுவதை மருத்துவர்கள் எதிர்பார்த்தே இருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நோயாளி தானாக மாத்திரையை நிறுத்தினால் ஆல்புமின் மறுபடி பழைய வேகத்தில் போக ஆரம்பிக்கும். மாத்திரை தொடங்கிய இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும், 30 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால் சிறுநீரகத் தமனியில் அடைப்பு இருக்கிறதா என்று தேட வேண்டும். கடும் வாந்தி பேதியில் உடம்பு வறண்டிருக்கும் நாள்களில் மட்டும் இவற்றை டாக்டரிடம் கேட்டுவிட்டு நிறுத்திவைத்து, சரியானதும் மறுபடி தொடங்குவது வழக்கம்.